பலகையும் பந்தும்

சென்ற தவக்காலத்தின் தொடக்கத்தில், நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தடித்த இரண்டு புகைப்படத் தொகுப்புகளையும், ஓரம் கிழிந்த ஓர் உறையையும் நம் மேசைமேல் வைத்தார். வயது நாற்பதை நெருங்குபவர், வங்கியில் பணிபுரிபவர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "ஃபாதர், நீங்கள் நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறீர்கள் அல்லவா? இவற்றையும் ஒரு நூலைப் போலப் பார்த்து, நிறைகுறை சொல்லுங்கள்" என்பது அவர் வேண்டுகோள். "உறையில் என்ன, தம்பி?" என்று கேட்டோம். "அவை கழித்த படங்கள், ஃபாதர். தொகுப்பில் சேராதவை. பார்க்க வேண்டியதில்லை" என்றார்.

முதல் தொகுப்பில் இருப்பவை அனைத்தும் சாலைப் பலகைகள். நெடுஞ்சாலைக்குக் குறுக்கே உயர்ந்து நிற்கும் பச்சைப் பலகைகள், கிலோமீட்டர் கற்கள், எச்சரிக்கை முக்கோணங்கள், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் தெருமுனைப் பெயர்ப்பலகைகள் எனப் பக்கம் பக்கமாக நீள்கின்றன. இரண்டாம் தொகுப்பு முழுவதும் கல்லூரிக் கூடைப்பந்து. தம் கல்லூரி அணியில் இடம்பெற ஈராண்டு முயன்று, கிடைக்காமல் போனவர் இவர். ஆயினும் பட்டம் பெற்று இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும், அந்த அணி நகரில் எங்கே ஆடினாலும் அங்கே இவர் இருப்பார்.

ஓர் இலக்கிய இதழில் இவற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசக அன்பர்கள் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒரு கேள்வி நம்மைத் தொடர்ந்து வந்தது. பலகை யாருக்காக எழுதப்படுகிறது? ஆரவாரம் யாருக்காக எழுப்பப்படுகிறது? தெருவில் குடியிருப்பவருக்குத் தம் தெருவின் பெயரைச் சொல்லப் பலகை வேண்டியதில்லை. அது வழி தெரியாமல் வந்து நிற்கும் அயலாருக்காக எழுதப்படுவது. ஆரவாரமோ நம்மவருக்காக எழுவது. அயலாரை எண்ணிச் செய்யப்படும் ஓர் உபகாரத்தின்மீது கொண்ட விருப்பமும், தம்மவர்மீது கொண்ட பற்றும் ஒரே மனிதரிடம் இரு தொகுப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்கின்றனவா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பலகையின் இலக்கணம்

முதலில் நிறைகளைச் சொல்வோம். சாலைக் குறிகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதை இத்தொகுப்பு நமக்குக் கற்றுத் தருகிறது. சிவப்பு விளிம்புடைய முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் ஆணையிடும், செவ்வகம் தகவல் தரும். எழுத்தறியாதவரும் வடிவத்தைக் கண்டே பொருளை உணர்ந்துகொள்ளலாம். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் நிறமாயின் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை. மைல் என்னும் அளவு நம் சாலைகளை விட்டு 1960களிலேயே விடைபெற்றுவிட்டது. எனினும் கிலோமீட்டரைக் காட்டும் அந்தக் கல்லை நாம் இன்றும் மைல்கல் என்றே அழைத்து வருகிறோம். இப்படிப்பட்ட செய்திகளை விளக்கவுரை இன்றி, படங்களின் வரிசையாலேயே அன்பர் உணர்த்திவிடுகிறார்.

ஒரு பக்கத்தில் எதிரெதிராக இரண்டு படங்கள் உள்ளன. இரண்டும் தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் சாலையில் எடுக்கப்பட்டவை. அவர் மாணவராயிருந்தபோது எடுத்த படத்தில் சாலையின் எண் 45. பின்னாளில் எடுத்த படத்தில் 32. நாடெங்கும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்பட்டது 2010-ஆம் ஆண்டில். வடக்குத் தெற்காகச் செல்பவற்றுக்கு இரட்டைப்படை எண்கள். கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண்கள். கிளைகளுக்கு மூன்று இலக்கங்கள் என்பது அதன் விதி. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் 4-ஆம் எண் சாலை 48 ஆயிற்று. ஆந்திரக் கரையை ஒட்டி வடக்கே செல்லும் 5-ஆம் எண் சாலை 16 ஆயிற்று. சாலை மாறவில்லை, அதை அழைக்கும் முறை மாறியது. பழகிய எண்ணை இழந்த ஒரு தலைமுறையின் சிறு வருத்தம் அவ்விரு படங்களுக்கும் இடையே இருப்பதாக நமக்குத் தோன்றியது. இது நல்ல தொகுப்பாளருக்கு வாய்க்கும் நுட்பம்.

வேறொரு பக்கத்தில் 2017-ஆம் ஆண்டின் கற்கள் இடம்பெற்றுள்ளன. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வேலூர், கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தேசிய நெடுஞ்சாலைக் கற்களில் ஆங்கில ஊர்ப்பெயர்கள் இந்திக்கு மாற்றப்பட்டதும், அதற்குத் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்ததும் வாசகர் நினைவில் இருக்கும். அந்தப் பூசலின் அடியிலும் நாம் முன்னர் எழுப்பிய கேள்விதான் இருந்தது. இந்தக் கல் யாரை எண்ணி எழுதப்படுகிறது? வடபுலத்துச் சரக்குந்து ஓட்டுநரையா? அண்டை ஊருக்கு நடந்து செல்லும் உழவரையா? ஒருவரை வரவேற்கும் பொருட்டு மற்றவரை அயலாராக்கிவிடும் ஆற்றல் நான்கு எழுத்துகளுக்கு உண்டு.

இனிக் குறை. இத்தொகுப்பின் படம் ஒன்றிலேனும் மனிதர் இல்லை. எல்லாப் பலகைகளும் நேர்முகமாக, சட்டத்திற்குள் அடங்கி, கடவுச்சீட்டுப் படங்களைப் போல நிற்கின்றன. அன்பரிடம் காரணம் கேட்டபோது, "ஆள் விலகும் வரை காத்திருந்து எடுப்பேன், ஃபாதர்" என்று பெருமிதத்தோடு கூறினார். அவருடைய பொறுமை வியப்புக்குரியதே. ஆனால் அந்தப் பொறுமை எதற்காகச் செலவாகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதருக்காக நடப்பட்ட பொருளை, மனிதர் விலகிய நொடியில் மட்டுமே பார்ப்பது எவ்வகைப் பார்வை?

இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது நடுவண் அரசின் கணக்கு. வளைவில் நிற்கும் முக்கோணம் அழகுக்காக நிற்கவில்லை. முன்பின் அறியாத ஒருவர் உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நிற்கிறது. 2007-ஆம் ஆண்டில் திருப்பீடம் சாலைசார் அருள்பணிக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகளையும் அதில் தந்தது. கொலை செய்யாதே என்பதே அவற்றுள் முதலாவது. மனிதருக்கிடையே உறவை வளர்ப்பதற்கே சாலை என்பது இரண்டாவதன் கருத்து. அந்த உறவு இந்தப் படங்களில் எங்கும் தென்படவில்லை.

பெயர்களுக்குள் இருக்கும் மனிதர்

தெருமுனைப் பலகைகளுக்கு வருவோம். தொகுப்பின் செறிவான பகுதி இதுவே. அன்பர் பெரிதும் தவறவிட்டிருப்பதும் இப்பகுதியிலேதான். ஒவ்வொரு படத்தின் கீழும் நாளும் இடமும் குறித்திருக்கிறார். ஆனால் பலகையில் உள்ள பெயர் யாருடையது என்று ஓரிடத்திலும் ஒரு வரி இல்லை.

லஸ் சர்ச் சாலையின் பலகையை எடுத்துக்கொள்வோம். லஸ் என்பது ஒளியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல். 1516 என்னும் ஆண்டைத் தாங்கிய கல்வெட்டுடைய ஒளியின் அன்னை ஆலயத்திலிருந்து வந்த பெயர். ஊர்மக்கள் அதனைக் காட்டுக்கோயில் என்றழைத்தனர்; அங்கே அன்று காடு இருந்தது. இன்று லஸ் முனையில் பேருந்துக்குக் காத்திருப்போருள் எத்தனை பேர் தாம் ஒளியின் பெயருக்குக் கீழே நிற்பதை அறிவர்? சாந்தோம் நெடுஞ்சாலையும் அப்படியே. புனித தோமாவின் பெயர் போர்த்துகீசிய நாவில் உருமாறித் தமிழ் நாவில் மீண்டும் உருமாறி, இன்று ஒரு பேருந்து நிறுத்தமாகி நிற்கிறது.

தியாகராய நகர் இன்னும் சுவையானது. மாம்பலத்தை ஒட்டியிருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் எழுந்த குடியிருப்பு அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, உஸ்மான் சாலை என அக்கட்சியின் வரலாறே தெருக்களாக விரிந்து கிடக்கிறது. நாளடைவில் தியாகராயர் 'தி' என்னும் ஓரெழுத்தாகச் சுருங்கினார். சிலர் நாவில் அதுவும் 'டி' ஆயிற்று. ஏரி மறைந்த பின்னும் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்ற பெயர் நிற்கிறது. அங்கே நின்று ஏரியைத் தேடுபவருக்கு அடுக்குமாடி வீடுகளே தெரியும்.

1970களின் இறுதியில், தெருப் பெயர்களில் ஒட்டியிருந்த சாதிப் பின்னொட்டுகளை நீக்க மாநில அரசு ஆணையிட்டது. அப்போது டாக்டர் நாயர் சாலை வெறும் 'டாக்டர் சாலை' ஆகிவிட்டது என்று சென்னை வரலாற்றில் ஈடுபாடுடையோர் புன்னகையோடு சொல்வதுண்டு. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவரான டி.எம். நாயர் தம் பெயரை இழந்து பட்டத்தோடு மட்டும் நின்றார் என்பது கதை. புன்னகைக்கு இடமுண்டு, ஆனால் அந்த ஆணையின் நோக்கம் புன்னகைக்குரியதன்று.

இதனை மயிலாப்பூருக்கு அருகிலேயே ஒரு பாலம் நமக்குக் கற்பிக்கிறது. இராதாகிருஷ்ணன் சாலையில் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கும் பாலத்துக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ஹாமில்டன் பாலம். ஊர்மக்களின் நாவில் ஹாமில்டன், நாவிதர் குலத்தை இழித்துச் சுட்டும் சொல்லாகி, அம்பட்டன் வாராவதி ஆயிற்று. அதனைக் கேட்ட ஆங்கிலம் அறிந்தோர், அதுவே பழம்பெயர் எனக் கருதி, பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று மீண்டும் ஆங்கிலமாக்கிக்கொண்டனர். பின்னர் அந்தப் பாலம் அம்பேத்கர் பாலம் எனப் பெயர் பெற்றது. ஓர் அயல்நாட்டுப் பெயர் நாக்குத் தவறி ஒரு குலத்தின்மேல் விழுந்து, இறுதியில் எல்லா இழிபெயர்களையும் எதிர்த்து நின்ற ஒருவரின் பெயராக எழுந்த வரலாறு அது. இத்தனையும் ஒரே பாலத்தில் நிகழ்ந்தவை. தொகுப்பில் அந்தப் பலகையின் படம் இருக்கிறது. கீழே நாளும் இடமும் மட்டும் இருக்கின்றன.

புனித அகுஸ்தினார் குறியையும் குறிக்கப்படும் பொருளையும் பிரித்துக் காட்டியதைக் குருமடத்தில் நாம் பாடமாகப் பயின்றோம். குறியிலேயே தங்கிவிடுபவர் பொருளைச் சென்றடைவதில்லை என்பதே அந்தப் பாடத்தின் சாரம். நம் அன்பர் குறியை நேசிக்கிறார், அதில் பிழையில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிடுகிறார்.

ஓர் அருள்சகோதரியின் கண்

சாலைப் பலகையைக் கலையாக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்கு, ஓர் அருள்சகோதரியின் வாழ்வு விடை தரும். அமெரிக்காவில் 1918-இல் பிறந்த கொரீட்டா கென்ட், மரியாவின் மாசற்ற இதயச் சபையில் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அச்சபையின் கல்லூரியில் ஓவியம் கற்பித்தவர். தம் மாணவியரை அருங்காட்சியகங்களுக்கு மட்டுமன்றி, எரிபொருள் நிலையங்களுக்கும் அங்காடிகளுக்கும் அழைத்துச் சென்றார். நடுவே துளையிட்ட ஓர் அட்டையை அவர்கள் கையில் தந்து, அத்துளையின் வழியே தெருவைப் பார்க்கப் பழக்கினார். சாலைக் குறிகளையும் விளம்பரப் பலகைகளையும் தாமே படமெடுத்து, அவற்றின் எழுத்துகளை வளைத்தும் கவிழ்த்தும், அவற்றோடு நற்செய்தியின் சொற்களையும் கவிஞர்களின் சொற்களையும் இணைத்து, பட்டுத்திரை அச்சுகளாக வெளியிட்டார். பசித்தோரைப் பற்றியும் போரைப் பற்றியும் அவ்வச்சுகள் பேசின. திருச்சபைத் தலைமையோடு அவருக்குப் பூசல் எழுந்தது, 1968-இல் துறவற வாழ்விலிருந்து விலகினார், 1986-இல் மறைந்தார்.

அவருடைய முடிவுகள் அனைத்தையும் எடைபோடுவது இங்கு நம் பணியன்று. அவருடைய கண்ணையே சுட்டிக்காட்ட விழைகிறோம். நம் அன்பரும் அவரும் ஒரே வகைப் பலகையின் முன் நின்றவர்கள். அன்பர் பலகையைச் சுற்றியிருப்பதை வெட்டி, பலகையை மட்டும் வைத்துக்கொள்கிறார். சகோதரியோ பலகையை வெட்டி, அதைப் படிக்கும் மனிதரின் பசியோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். வெட்டுதல் இருவருக்கும் பொது. எதனோடு சேர்ப்பது என்பதில்தான் வேறுபாடு.

கூடையும் ஆரவாரமும்

இரண்டாம் தொகுப்பு வேறோர் உலகம். முதல் தொகுப்பில் நிலவும் மௌனத்துக்கு ஈடு செய்வதுபோல, இங்கே எங்கும் கூச்சல். திறந்த வாய்கள், உயர்ந்த கைகள், முகத்தில் பூசிய வண்ணங்கள். இந்தத் தொகுப்பில் மனிதருக்குப் பஞ்சமில்லை.

கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம். பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாடத்தின் கைப்பிடியில் அறைந்து, அதற்குள் பந்தை எறியச் செய்தார். அந்த உயரம் இன்றளவும் மாறவில்லை. கூடைக்குப் பின்னே பலகை வந்த காரணம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. மாடத்தில் நின்ற பார்வையாளர்கள், தம் அணிக்கு உதவும் ஆர்வத்தில், கைநீட்டிப் பந்தைத் தட்டிவிடத் தொடங்கினர். அவர்களைத் தடுக்கவே பலகை மாட்டப்பட்டது. ரசிகரின் பற்று எல்லை மீறியதன் நினைவுச் சின்னமே கூடைப் பலகை எனலாம்! இதனை அன்பரிடம் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார்.

இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியே நம் நாட்டை அடைந்தது. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பின்னர் நந்தனத்தில் நிலைபெற்று, பள்ளி கல்லூரிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பயிற்றுவித்து அனுப்பியது. நுங்கம்பாக்கத்தில் 1925-இல் லொயோலா கல்லூரியைத் தோற்றுவித்த இயேசு சபை அருள்தந்தை பிரான்சிஸ் பெர்ட்ராமின் நினைவாக நடைபெறும் போட்டிகளைச் சென்னை மாணவர் பலரும் அறிவர். மாலை வெயில் சாயும் நேரத்தில் சிமெண்டுத் தரையில் காலணிகள் கிறீச்சிடும் ஓசையையும், வலையை மட்டும் உரசிச் செல்லும் பந்தின் மெல்லொலியையும் இத்தொகுப்பின் சிறந்த படங்கள் நம் காதுக்குக் கொண்டுவருகின்றன. ஒறுப்பு எறிதலுக்கு நிற்கும் இளைஞன் ஒருவனின் படத்தில், அவன் கண்களுக்கும் வளையத்துக்கும் இடையே உலகமே இல்லை. அத்தகைய ஒருமுகப்பாட்டை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

ஆயினும் மூன்று குறைகளைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. முதலாவது, தோல்வி இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் ஆட்டங்களில் அவருடைய அணி ஒருமுறையும் தோற்றதில்லை என்றே தொகுப்பு சொல்கிறது. ஆனால் உண்மை அதுவன்று என அவரே ஒப்புக்கொண்டார். இரண்டாவது, பெண்கள் ஆடும் ஆட்டம் ஒன்றும் இல்லை. சென்னையில் பிறந்து, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கி, 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அனிதா பால்துரையை உருவாக்கிய நகரம் இது. மகளிர் கல்லூரிகள் இவ்வளவு நிறைந்த நகரின் கூடைப்பந்துத் தொகுப்பில் அவர்கள் இல்லாதது பெருங்குறை. மூன்றாவது, எதிரணியினருக்கு முகமில்லை. அவர்கள் முதுகுகளாகவும் மங்கலான சட்டை எண்களாகவுமே வருகின்றனர்.

தம்மவர்மீது பற்றுக் கொள்வது தவறன்று. சிக்காகோ லொயோலா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு 1994 முதல் ஆன்மிக வழிகாட்டியாயிருந்த அருள்சகோதரி ஜீன் டோலோரஸ் ஷ்மிட் இதற்குச் சான்று. 2018-இல் அந்த அணி தேசியப் போட்டியின் இறுதி நான்கு அணிகளுள் ஒன்றானபோது, 98 வயதில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, அணியின் வண்ணக் கழுத்துத்துணியோடு ஆரவாரித்த அவர் உலகறிந்தவரானார். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் வீரர்களுக்குத் தனித்தனியே குறிப்பெழுதி மின்னஞ்சல் அனுப்புவது அவர் வழக்கம். அவருக்கு அணி என்பது சட்டையின் நிறம் மட்டுமன்று, பெயருடைய பிள்ளைகள். 2025 அக்டோபரில், 106-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழமானது. 1963 மார்ச்சில், நால்வர் கறுப்பினத்தவராயிருந்த லொயோலாவின் தொடக்க ஐவரை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணி. அம்மாநிலத்தில் வெள்ளையர் அணிகள் கறுப்பினத்தவரோடு ஆடுவது எழுதாச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. நீதிமன்றத் தடையாணை கைக்கு வந்து சேரும் முன்பே, அந்த அணி மறைவாக மாநிலத்தை விட்டு வெளியேறி ஆட்டக்களம் வந்து சேர்ந்தது. ஆட்டத்துக்கு முன் இரு தலைவர்களும், ஜெர்ரி ஹார்க்னஸும் ஜோ டான் கோல்டும், கைகுலுக்கினர். அந்த நொடியில் அரங்கெங்கும் புகைப்படக் கருவிகளின் ஒளி மின்னியது. லொயோலா 61-51 எனும் கணக்கில் வென்றது; அவ்வாண்டின் வாகையையும் சூடியது. ஆனால் இன்று பெரிதும் நினைக்கப்படுவது வெற்றியன்று. அந்தக் கைகுலுக்கலின் படமே. தம்மவருக்காக ஆரவாரிக்கத் திரண்டிருந்த ஒரு கூட்டத்தின் நடுவே, அயலாரை நோக்கி ஒரு கை நீண்டது. நாம் முன்னர் தனித்தனியே வைத்த இரண்டும் ஒரே படத்தில் சந்தித்த இடம் அது.

கழித்த உறை

பார்க்க வேண்டாம் என்று சொன்ன உறையை நாம் பார்த்தோம். திறனாய்வாளருக்கு இந்தத் துணிவு மன்னிக்கப்படும் என நம்புகிறோம்.

அதில் இருந்த முப்பதுக்கு மேற்பட்ட படங்களுள் இரண்டைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறோம். ஒன்று, தோற்ற ஆட்டத்தின் பின் எடுத்தது. களத்தின் ஓரத்தில் இருவர் தரையில் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் அன்பரின் கல்லூரிச் சட்டையில், மற்றவர் வென்ற அணியின் சட்டையில். வென்றவர் தோற்றவரின் முழங்காலில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். படம் சற்றே ஆடியிருக்கிறது. "தோற்றுப்போன நாள், ஃபாதர். அதனால் எடுத்து வைத்துவிட்டேன்" என்றார் அன்பர்.

மற்றொன்று பழைய தெருப்பெயர்ப் பலகை ஒன்றின் படம். பெயரின் இறுதிப் பகுதியின்மீது யாரோ கறுப்பு வண்ணம் பூசியிருக்கின்றனர். பூசிய வண்ணம் வெளுத்து, அடியிலிருந்து சாதிப் பெயரின் எழுத்துகள் மீண்டும் தலைநீட்டுகின்றன. அப்பலகையின் முன், பூக்கூடையை இறக்கி வைத்து, ஒரு மூதாட்டி நேராக நம்மைப் பார்க்கிறார். இரண்டெழுத்து அவர் தோளுக்குப் பின்னே மறைந்திருக்கிறது. "அந்த அம்மா குறுக்கே வந்துவிட்டார்" என்பது அன்பர் சொன்ன காரணம்.

இந்தப் படத்தின் முன் நாம் நீண்ட நேரம் அமர்ந்திருந்தோம். அதற்குக் காரணம் கலை மட்டுமன்று. குருப்பட்டம் பெற்ற தொடக்கக் காலத்தில், ஒரு சிற்றூர்ப் பங்கில் உதவிக் குருவாயிருந்தோம். திருமுழுக்குப் பதிவேட்டை நிரப்பும் பணி நம்முடையது. கோவிலைச் சுற்றியிருந்தவர்களுக்கு மேலத்தெரு, வடக்குத்தெரு என்று முகவரி எழுதுவோம். வாய்க்காலுக்கு அப்பால் இருந்து குழந்தையோடு வருவோருக்குக் 'காலனி' என்ற ஒரே சொல்லை எழுதி முடித்துவிடுவோம். முன்னவர்கள் அப்படி எழுதியிருந்தனர், நாமும் எழுதினோம். அங்கேயும் தெருக்கள் இருந்தன. அவற்றுக்கும் பெயர்கள் இருந்திருக்கும். நாம் கேட்கவில்லை. ஒரே தொட்டியின் நீரால் கழுவிய கையாலேயே, அந்தக் குழந்தைகளை வேறொரு பலகையின் கீழ் நிறுத்திவிட்டோம்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதைச் செய்தித்தாளில் படித்தபோது அந்தப் பதிவேடுதான் நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், ஊர்களிலும் தெருக்களிலும் உள்ள சாதிப் பெயர்களை நீக்க அரசு மீண்டும் ஆணை பிறப்பித்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் ஒரே வகை ஆணை மீண்டும் தேவைப்பட்டது எனில், வண்ணம் பலகையின் மீது மட்டுமே பூசப்பட்டது என்பது தெளிவு. அயலாருக்கு வழி சொல்ல நட்ட பலகை, சில தெருக்களில், "நீ யார்?" என்று அவரை வினவும் பலகையாகவும், "இங்கே உன் ஆட்கள் இல்லை" என்று சொல்லும் பலகையாகவும் நின்றிருக்கிறது. தம்மவர் பற்று பலகையில் ஏறிவிட்டால், அது வழிகாட்டுவதை நிறுத்திவிடுகிறது.

ஆகவே நம் மதிப்புரையைச் சுருங்கக் கூறுவோம். முதல் தொகுப்பு உழைப்பும் ஒழுங்கும் உடையது. ஆனால் ஆளில்லாத வீடு. இரண்டாம் தொகுப்பு உயிருள்ளது; ஆனால் ஒரு சாளரம் மட்டுமே திறந்த வீடு. இவற்றைவிடச் சிறந்த மூன்றாம் தொகுப்பு அந்த உறையில் இருக்கிறது. அதனை உருவாக்கியவர் அன்பரே; கழித்தவரும் அவரே.

உயிர்ப்பு விழாவுக்குப் பின் அவர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னோம். சற்றே முகம் வாடினார். பிறகு உறையை எடுத்து, பூக்காரப் பாட்டியின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இதற்குக் கீழே என்ன எழுதுவது, ஃபாதர்? தெருவின் பெயர்தான் பாதி அழிந்திருக்கிறதே."

"அந்த அம்மாவின் பெயரை எழுதுங்கள், தம்பி."

"பெயர் தெரியாதே."

"கேட்டு வாருங்கள்" என்றோம். நாம் ஒரு காலத்தில் கேட்காமல் விட்டதை அவரிடம் மறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தெருமுனைக்குச் சென்றதாகவும், பாட்டி அன்று கடை போடவில்லை என்றும் பின்னர்த் தெரிவித்தார். மீண்டும் செல்வதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை புகைப்படக் கருவியை எடுத்துச் செல்லப் போவதில்லையாம்.